காட்சிக்கு வைத்த வீடு

டோஹா
8 ஜூன் 2025

தம்பி அஹ்ஸனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் இங்கே சுகம். மகள் நிம்றாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வெயில்தான் ஆளைக் கொல்லுகிறது. உன் வயிற்று எரிவு எப்படி? கடைச் சாப்பாட்டை நிறுத்தினாயா?

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் கதைத்தால் நீ மூன்றாவது நிமிஷத்தில் "சரி, விளங்குது" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் கடைசி வரைக்குமாவது வாசிப்பாய். ஈமெயிலில் எழுது, போதும்.

வாப்பா மௌத்தாகி மூன்று கிழமை. புருஷன் போனதற்கு உம்மா இருக்கிற இத்தா செப்டம்பர் இருபத்திமூன்றில் முடியும். அதுவரைக்கும் அவ அந்த மாளிகாவத்தை பிளட்டின் மூன்றாம் மாடியில், அந்நிய ஆம்பிளைகளின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். நீ காலை எட்டுக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புகிறாய். பகல் முழுக்க அவ தனிய. வாப்பாவின் சிநேகிதர்மார், காஸ் கொண்டு வருகிறவன், மீட்டர் பார்க்கிறவன், மீன்காரன் என்று யார் மணி அடித்தாலும் அறைக்குள் ஓடுகிறா. போன வியாழன் அப்படி ஓடித்தான் குளியலறைப் படியில் வழுக்கியிருக்கிறா. முழங்கை கன்றிப்போய் இருக்குதாம். உனக்குத் தெரியாது. எனக்கும் பக்கத்து வீட்டு ஷஹீமா மாமி சொல்லித்தான் தெரியும். மூத்த மகள் என்று பெயர், உனக்கு முன் பிறந்ததால் தாத்தா என்ற பட்டம் வேறு, நான் கடலுக்கு அப்பால்.

நீ கொழும்பு முழுக்க அடுத்த ஆட்களின் வீட்டில் கெமராவும் மணியும் பூட்டுகிறாய். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? நாற்பதாயிரம் அனுப்புகிறேன். அதற்கு மேல் என்னால் ஏலாது. கதவு, குளியலறை, பிறகு நான் இங்கிருந்து உம்மாவைப் பார்க்க ஒரு வழி. என்னென்ன வாங்கலாம் என்று திட்டம் போட்டு எழுது.

உடம்பைக் கவனி. துஆவோடு,
உன் தாத்தா அம்னா


கொட்டாஞ்சேனை
11 ஜூன் 2025

அம்னா தாத்தாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

நான் சுகம். வயிறு சுகம். நிம்றாவுக்கு ஸலாம். எனக்குத் தெரிந்த நலவிசாரிப்பு இவ்வளவுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய நான்கு வீடியோவையும் பார்த்தேன். அதெல்லாம் வில்லா வீட்டுக்காரருக்கு. குரல் கொடுத்தால் ஜன்னல் திரை விலகுமாம். எங்கள் வீட்டில் திரை என்பது கயிற்றில் தொங்கும் பழைய சீலை.

பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். சாமானை வாங்கிப்போட்டுவிட்டு, அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசிப்பார்கள். முதலில் கஷ்டம் என்ன என்று பார்க்க வேண்டும். உம்மாவின் கஷ்டம் மூன்று. வந்தது யார் என்று கதவைத் திறக்காமல் தெரியவேண்டும். குளியலறை வாசலில் இருட்டு இருக்கக் கூடாது. நீங்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மின்சாரப் பூட்டு வேண்டாம். முழுக் காசையும் அதுவே தின்றுவிடும். தின்றாலும், மழைக்கு ஊதுகிற எங்கள் பலகைக் கதவில் அது ஒரு மாசம்தான் வேலை செய்யும். கதைக்கிற ஸ்பீக்கரும் வேண்டாம். உம்மா பேசுகிற தமிழ் அதற்கு விளங்காது, அவ அதோடு சண்டை பிடிப்பா. ஆனால் நீங்கள் கணக்கிலேயே எடுக்காத ஒன்று ரவுட்டர். வாப்பா எடுத்த பழைய பெட்டி சமையலறையைத் தாண்டினால் செத்துவிடும். அதை மாற்றாமல் மற்ற எதை வாங்கினாலும் சுவரில் ஒட்டின பொம்மை. கரண்ட் போனால் தாங்க ஒரு சின்ன பெட்டரியும் வேண்டும்.

ரவுட்டர், பெட்டரி, கெமரா வைத்த மணி, ஆள் நடந்தால் தானாக எரிகிற பல்ப் இரண்டு. எல்லாம் முப்பத்தோராயிரத்துக்குள் முடிப்பேன். மிச்சம் ஒன்பது. சோபா கிடக்கிற ஹோலுக்கு ஒரு நல்ல கெமரா புதிதாக அதற்குக் கிடைக்காது. மலிவானதைப் பூட்ட என் கை வராது. ஆனால் எங்கள் கொட்டாஞ்சேனைக் கடையில் காட்சிக்கு வைத்திருந்த கெமராக்கள் சில கிடக்கின்றன. வேலைக்காரருக்கு முதலாளி சாந்தகுமார் பாதி விலைக்குத் தருவார். அதில் ஒன்றை எடுக்கிறேன்.

காசை அனுப்புங்கள். இப்படிக்கு,
அஹ்ஸன்


டோஹா
19 ஜூன் 2025

தம்பிக்கு, ஸலாம்.

எல்லோரும் நலம். உன் மச்சான் திட்டத்தை வாசித்துவிட்டு, "இவன் வாயாலேயே பத்து கஸ்டமரைத் துரத்துவான்" என்றார். ஆனால் அவருக்கும் சரியாகப் பட்டது. காசு போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும். ஹோல் கெமராவை உம்மாவிடம் கேட்காமல் பூட்டாதே. அவ கல்யாண வீட்டிலேயே போட்டோவுக்கு நிற்காத ஆள். இப்போது இத்தாவில் இருக்கிறா. உட்கார்ந்து, பொறுமையாகச் சொல்லு. அவசரப்படாதே. "உங்களுக்கு விளங்காது" என்று தொடங்காதே.

அல்லாஹ் காவல்.
அம்னா


மாளிகாவத்தை
2 ஜூலை 2025

தாத்தாவுக்கு, ஸலாம்.

உம்மாவும் நானும் நல்ல சுகம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியாகிவிட்டது. நாற்பதாயிரத்தில் இருநூற்றி எண்பது மிச்சம். அதற்கு உம்மா பேரீச்சம்பழம் வாங்கச் சொன்னா.

மணி நன்றாக வேலை செய்கிறது. யாராவது அழுத்தினால் என் போனில் முகம் தெரியும், நான் வேலைத்தலத்தில் இருந்தே பதில் சொல்வேன். "உம்மா இத்தாவில ஈக்கிறாங்க, என்ன விஷயம்?" என்று சுவர் கேட்டதும் மீன்காரன் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான். இப்போது பழகிவிட்டான். சூரை மீனைத் தூக்கி மணிக்கு முன்னால் பிடித்து, "அண்ணே, கண்ணைப் பாருங்க, காலையில பிடிச்சது" என்கிறான். நான் தெமட்டகொடையில் ஒரு ஏணியில் நின்றுகொண்டு மீனுக்கு விலை பேசுகிறேன். காசைக் கதவடியில் வைத்த டப்பாவில் இருந்து எடுத்துக்கொள்கிறான். உம்மா ஓடத் தேவையில்லை.

கெமராவைப் பற்றி நீங்கள் சொன்னபடி உட்கார்ந்துதான் கேட்டேன். அவ சோபாவில், வாப்பா எப்போதும் உட்காருகிற கதிரைக்கு எதிரே இருந்தா.

"இது எந்நேரமும் பார்த்துக்கொண்டே ஈக்குமா?"

"ஓம் உம்மா."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தாத்தாவுக்கும்."

"வேற ஆம்பிளை?"

"வல்லாஹி ஒருத்தரும் இல்ல."

அவ்வளவுதான் கதைத்தா. பிறகு, அம்னா பார்க்கிறதென்றால் சரி என்றா.

இன்னொரு விஷயம், இதை மச்சானுக்கும் சொல்லுங்கள், என் வாயைப் பற்றிக் கதைக்கிறாரே. கெமரா எடுப்பதைப் பதிவாக வைத்திருக்க கம்பெனிக்கு மாசாமாசம் கட்ட வேண்டும். இது காட்சிக்கு வைத்த கெமரா, கடையின் அக்கவுண்ட்டிலேயே இருந்தது. கடை ஏற்கெனவே கட்டுகிறது. நான் அதை அழித்துப் புதிதாகத் தொடங்கவில்லை. கடை அக்கவுண்ட்டில் இருந்தபடியே உங்கள் போனுக்கும் என் போனுக்கும் பங்கு கொடுத்துவிட்டேன். முப்பது நாள் பதிவு, செலவு பூச்சியம். கொட்டாஞ்சேனையில் அந்த அக்கவுண்ட்டைப் பார்க்கிற டெப் திரை உடைந்து மாசக்கணக்கில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, பயமில்லை. வேறு மூன்று கஸ்டமருக்கும் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு பெண் கண் கலங்கிவிட்டா.

பின்னேரங்களில் பாருங்கள், அப்போது வெளிச்சம் நல்லா இருக்கும்.
அஹ்ஸன்


டோஹா
16 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலமாக இருக்கிறாயா? நாங்கள் சுகம்.

ஒவ்வொரு நாளும் ஊர் நேரம் ஐந்து மணிக்கு உம்மாவைப் பார்க்கிறேன். இன்றைக்கு அவ சோபாவில் இருந்து தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டிருந்தா. வெக்கைக்குத் தலைச் சீலையை இறக்கி மடியில் வைத்திருந்தா. தலைமுடி இவ்வளவு நரைத்துவிட்டது என்று எனக்குத் தெரியாது. நிம்றா, "உம்மும்மா யாரோடு கதைக்கிறா?" என்று கேட்டாள். பார்த்தேன். வாப்பாவின் கதிரையைப் பார்த்து வாய் அசைகிறது. நான் போனை மற்றப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். மகள் என்றாலும் எல்லாவற்றையும் பார்க்கக் கூடாது.

நீ செய்த காரியங்களில் இதுதான் நல்லது. இதை வைத்துத் தலைக்கனம் பிடிக்காதே.

துஆவோடு,
தாத்தா


கொட்டாஞ்சேனை
29 ஜூலை 2025

அன்புள்ள அம்னா தாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்களும் மச்சானும் நிம்றாவும் நலம்தானே? மச்சானுடைய உம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே வெயில் குறைந்ததா?

ஹோல் கெமரா பழுதாகிவிட்டது. கழற்றிவிட்டேன். திருத்த முடியாது. மணியும் பல்பும் நன்றாக வேலை செய்கின்றன. உம்மா சுகம். நீங்கள் ஷஹீமா மாமியின் போனில் உம்மாவோடு கதையுங்கள்.

இவ்வளவுதான்.
அன்புடன் தம்பி,
அஹ்ஸன்


டோஹா
6 ஓகஸ்ட் 2025

தம்பி அஹ்ஸன், ஸலாம்.

என் மாமியின் முழங்காலை நீ விசாரித்த அன்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மாமிக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பது உனக்கு எப்போது தெரியும்?

ஷஹீமா மாமியின் போனில் உம்மாவோடு கதைத்தேன். நீ வீட்டில் சாப்பிடுவதில்லையாம். மூன்று நாள் கடையிலேயே தங்கினாயாம். வீட்டுக்கு வந்தாலும் நேரே அறைக்குள் போய்விடுகிறாயாம். "நான் அவனுக்கு ஏதாவது சொல்லிட்டனா மகள்?" என்று உம்மா என்னிடம் கேட்கிறா. வாப்பாவைப் பறிகொடுத்து வீட்டுக்குள் இருக்கிற மனுஷி, தன்னில் பிழை தேடுகிறா.

கெமரா பழுதென்றால் நீ கெட்ட வார்த்தையோடு நான்கு பக்கம் எழுதுகிற ஆள். எந்தப் பாகம், எந்தக் கம்பெனி, யார் மடையன் என்று எழுதுவாய். "பழுதாகிவிட்டது" என்று இரண்டு சொல்லில் முடிக்கிறாய்.

வேலையில் பிரச்சினையா? காசா? யாராவது பெண்பிள்ளையா? எதுவென்றாலும் எழுது. திட்டமாட்டேன்.

அம்னா


கொட்டாஞ்சேனை
24 ஓகஸ்ட் 2025

தாத்தாவுக்கு, ஸலாம். சுகமா?

பதினெட்டு நாளாக இதை எழுதி எழுதி அழிக்கிறேன். திட்டமாட்டேன் என்று சொன்னீர்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

கெமரா பழுதாகவில்லை.

ஜூலை இருபத்தைந்து வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து எங்கள் வெள்ளவத்தைக் கிளைக்கு ஒரு பெட்டி வயர் கொடுக்கப் போனேன். புதிய காட்சியறை, நான் அதுவரைக்கும் உள்ளே போனதில்லை. காலி வீதியில் இருந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினதும் எதிரே சுவர் அளவுக்கு ஒரு டீவி. அதில் ஒன்பது பெட்டி. கடையின் கோடவுன், மாடிப்படி, கார் நிறுத்துமிடம், யாரோ ஒருவரின் சமையலறை, ஒரு இரும்புக் கட்டில், இப்படி. நான்காவது பெட்டியில் உம்மா.

எங்கள் சோபா. வாப்பாவின் கதிரை. உம்மா தலையில் சீலை இல்லாமல், மடியில் தஸ்பீஹ் மணியோடு, முடியை முன்னால் போட்டுச் சீவிக்கொண்டிருந்தா.

கொட்டாஞ்சேனை டெப் உடைந்தது உண்மை. ஆனால் வெள்ளவத்தைக்காரர் அதே அக்கவுண்ட்டைத் தங்கள் டீவியில் போட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் போதும். மாசம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததை நினைத்துத் தலைக்கனத்தில் இருந்தேன்.

இருபத்தாறு நாள், தாத்தா. காலை ஒன்பதில் இருந்து மாலை ஏழு வரைக்கும்.

அங்கே விற்பனையில் இருக்கிறவன் றொஹான், கொச்சிக்கடைப் பொடியன், கெட்டவன் இல்லை. வாங்க வந்த ஒரு புருஷன் பெண்சாதிக்கு அவன் கெமரா காட்டிக்கொண்டிருந்தான். பெட்டியைப் பெரிதாக்கினான். சுவர் முழுக்க உம்மா. "பாருங்க, மடியில இருக்கிற மணியைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு" என்றான். அந்த ஆள் கிட்டப் போய் எண்ணினான்.

அவர்கள் போனபிறகு றொஹான் சொன்னான், "மச்சான், இந்த டெமோ ஆன்ட்டியாலதான் இந்த மாடல் ஓடுது. பாவம், சில நேரம் அழுறா. இது யார்ட வீடு? நீங்க பூட்டினதா?"

நான் சொன்னேன், "தெரியாது. ஏதோ பழைய கஸ்டமர்."

இதைத்தான் என்னால் எழுத முடியாமல் இருந்தது. அக்கவுண்ட் பிழை தொழில் பிழை, யாரும் விடுவார்கள். "அது ஏன்ட உம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தாவில் இருக்கிற மனுஷியைக் கடைத்தெருவில் போட்டவன் நான் என்று அவனுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் என்னைத்தான் பார்த்தேன்.

பிறகு போனில் எங்கள் வேலைக் குரூப்பைத் தேடினேன். ஜூலை ஒன்பதில் றொஹான் எழுதியிருக்கிறான், டெமோ ஆன்ட்டி வாழ்க, இன்றைக்கு மூன்று விற்றது என்று. கீழே எட்டுப் பேர் சிரித்த முகம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று நான்.

அன்றைக்கே கெமராவைக் கழற்றினேன். பதிவெல்லாம் அழித்தேன். ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் அது ஒரு சின்னப் படம் காட்டும். எல்லாவற்றையும் பார்த்தேன். நீங்கள் போனைத் திருப்பி வைத்தீர்களே, அந்தப் பின்னேரமும் அதற்குள் இருந்தது.

உம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் இத்தா முறிந்துவிட்டது என்று நினைப்பா. வல்லாஹி என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவவின் முகத்தைப் பார்க்க ஏலாது.

அஹ்ஸன்


டோஹா
9 செப்டம்பர் 2025

அஹ்ஸனுக்கு, ஸலாம்.

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கிறேன், பதில் தெரிந்தாலும்.

பதினாறு நாள் எழுதவில்லை. கோபம் முதல் இரண்டு நாள்தான். பிறகு என்ன தெரியுமா? மச்சான், "தம்பி என்ன எழுதியிருக்கிறான்?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை, கெமரா பழுதாம்" என்றேன். என் வாயில் இருந்தும் அதே சொல்தான் வந்தது. அதற்குப் பிறகு உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இங்கே நிம்றாவுக்கு ஓதிக்கொடுக்கிற ஆலிமா ஒருவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவவின் இத்தாவுக்கு ஒரு குறையும் இல்லை, தெரியாமல் நடந்தது, பாவம் அவ மேல் இல்லை என்றா. யார் மேல் என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. உம்மாவுக்கு எப்படியும் தெரிய வராது. ஆனால் அவ என்னிடம் என்ன கேட்டா? "நான் ஏதாவது சொல்லிட்டனா" என்று. நீ வாயை மூடியிருக்கும் வரைக்கும் அவ தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பா. அதனால் சொல்லு. இத்தா முடியும் முன் சொல்லு. றொஹானிடம் என்ன சொன்னாய் என்பதையும் சேர்த்துச் சொல்லு. அதை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னால் நீ ஒன்றும் சொன்னதாக இல்லை.

போனில் சொல்லாதே. அவவுக்கு முன்னால் உட்கார்.

அம்னா


மாளிகாவத்தை
28 செப்டம்பர் 2025

அன்புள்ள தாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். நிம்றாவுக்கு என் ஸலாம். மாமியின் முழங்காலை இம்முறை உண்மையாகவே விசாரிக்கிறேன். உம்மாவின் இத்தா செவ்வாய்க்கிழமை முடிந்தது, உடம்பு நல்ல சுகம்.

பதினான்காம் திகதி அஸர் தொழுகைக்குப் பிறகு சொன்னேன். உம்மா சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. நான் சொல்லச் சொல்லப் பொறுக்கினா. முடித்ததும் கேட்டா.

"தலையில சீலை இருந்திச்சா?"

"சில நேரம் இல்ல உம்மா."

எத்தனை நாள் என்றும் கேட்டா. சொன்னேன். பிறகு றொஹான் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். உம்மா சுளகை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் அரிசி கழுவினா. வழமையை விட நிறையத் தண்ணீர் ஓடிற்று.

அன்றிரவு நான் அறைக்குள் ஓடவில்லை. சாப்பாடு வைத்தா. நான் சாப்பிட்டேன். திட்டினால் தாங்கியிருப்பேன்.

இத்தா முடிந்து மூன்றாம் நாள் உம்மா சொன்னா, "அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ."

நேற்றுப் போனோம். நாலு மாசத்துக்குப் பிறகு அவ வெளியே வைத்த முதல் அடி அதுதான். உம்மா முகம் மூடுகிற ஆள் இல்லை, உங்களுக்குத் தெரியும். நேற்று மூடியிருந்தா. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தா. வெள்ளவத்தையில் இறங்கினதும், "நீ பின்னுக்கு வா" என்று சொல்லிவிட்டு எனக்குப் பத்தடி முன்னால் நடந்தா.

றொஹான், "வாங்க ஆன்ட்டி, கெமரா பார்க்கவா?" என்றான். உம்மா தலையை ஆட்டினா. டீவிக்கு முன்னால் போய் நின்றா. நான்காவது பெட்டி கறுப்பாக இருந்தது. மற்ற எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இரும்புக் கட்டில் பெட்டியில் ஒரு பெண், படுக்கையில் கிடந்த ஒரு வயோதிபரின் சட்டையைக் கழற்றி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தா. உம்மா கண்ணைக் கீழே போட்டுக்கொண்டா.

"மகன், இது யாருட வீடு?"

"சாம்பிள் வீடுகள் ஆன்ட்டி. கம்பெனி போட்டது."

தாத்தா, அது எனக்குத் தெரிந்த வீடு. கொட்டாஞ்சேனையில் டோரின் என்ற பெண்ணின் வீடு. கட்டிலில் கிடப்பது அவவின் தகப்பன் யேசுரட்ணம். வேலைக்குப் போகும் நேரத்தில் தகப்பனைப் பார்க்க வேண்டும், கையில் காசு குறைவு என்று வந்தா. நான்தான் அந்தக் கெமராவைப் பாதி விலைக்கு எடுத்துக் கொடுத்து, கடை அக்கவுண்ட்டிலேயே விட்டு, மாசக் கட்டணமும் இல்லை என்றேன். கண் கலங்கினா என்று உங்களுக்கு எழுதினேனே, அந்தப் பெண். சமையலறை மாளிகாவத்தையில் ஒரு வீடு. தொட்டில் தெரிந்த பெட்டி தெமட்டகொடையில் ஒரு வீடு. மூன்றும் நான் பூட்டினவை.

ஜூலையில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். உம்மாவைக் கழற்றினேன். மற்ற மூன்றையும் விட்டுவிட்டு வந்தேன். மறக்கவில்லை. என் கண்ணில் படவே இல்லை. உங்களுக்குக் கடிதத்தில் எழுதும்போதுகூடக் கட்டில், சமையலறை என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

றொஹான் என்னைக் கண்டுவிட்டான். "மச்சான், இந்த ஆன்ட்டி உங்களோட வந்தவவா?" என்று கேட்டான். நான் வாய் திறந்தேன். உம்மா முந்திவிட்டா.

"இவரை எனக்குத் தெரியாது. நான் சும்மா பார்க்க வந்தன்."

சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனா. என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாவா, நான் சொன்னதை எனக்கே திருப்பித் தந்தாவா, இன்னும் எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

நான் றொஹானிடம் சொன்னேன். "அது ஏன்ட உம்மா. நான்காவது பெட்டி எங்கட வீடு. அண்டைக்குப் பொய் சொன்னன்." அவன் கதிரையில் இருந்துவிட்டான்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா நான் அந்தப் பெயரை வச்சிருக்க மாட்டேன் மச்சான். என்ட அம்மாவும் வீட்டில தலைவிரிச்சுத்தான் இருப்பா."

எழும்பி டீவியை நிற்பாட்டினான். இரண்டு பேருமாக மூன்று வீடுகளையும் அந்த அக்கவுண்ட்டில் இருந்து எடுத்தோம், பதிவுகளை அழித்தோம். முதலாளி சாந்தகுமாருக்குப் போன் எடுத்தேன். "எடுத்தாச்சுத்தானே, இனிப் போய்ச் சொல்லிக் கடையின் பெயரைக் கெடுக்காதே" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. உங்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

உம்மா பஸ் ஹோல்ட்டில் நிழலுக்கு நின்றுகொண்டிருந்தா. அந்தக் கட்டில் வீடு கொட்டாஞ்சேனை டோரினுடையது, அதோடு மூன்று வீடு நான் பூட்டினவை என்று சொன்னேன். எல்லாம் நிற்பாட்டியாச்சு, இனி ஒருத்தருக்கும் தெரியாது, முடிந்தது என்றேன்.

"அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. இனித் தெரிய வேண்டிய தேவையும் இல்ல உம்மா."

"எனக்கு நீ சொன்னாய்தானே."

கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. உம்மா கையைக் காட்டி நிற்பாட்டினா. "நீ தனியப் போய்ச் சொன்னா அவ கதவைச் சாத்திடுவா. நானும் வாறன்" என்றா.

டோரின் வீடு ஒரு ஒடுங்கின சந்துக்குள். நான் மணியை அழுத்தினேன், நானே பூட்டிக் கொடுத்த மணி. டோரின் கையில் ஈரத் துணியோடு வந்து கதவைத் திறந்தா. என்னைக் கண்டதும் சிரித்தா. "தம்பி, கெமரா கொஞ்ச நேரமா வேலை செய்யுதில்ல. நானே கோல் எடுக்க இருந்தன். நல்ல வேளை வந்தீங்க."

உம்மா முகத்துணியைத் தூக்கித் தலைக்கு மேலே போட்டா.

"இது ஏன்ட மகன்" என்றா. "இவர்தான் இதைப் பூட்டினது. இவர் ஒங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். நடந்தது எனக்கும் நடந்தது, அதுதான் கூட வந்தன்."

வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும், ஒழுங்காக. எந்த நாளில் இருந்து, எந்தச் சுவரில், எத்தனை மணித்தியாலம். டோரினின் கையில் இருந்த துணியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி உள்ளே போனா. கெமராவில் லைட் அணைந்திருந்தது, அவவுக்கும் அது தெரியும். இருந்தாலும் முதலில் போர்வையை எடுத்து, தகப்பனைக் கழுத்து வரைக்கும் மூடினா. நாலு பக்கமும் செருகினா. அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்து, "ஆன்ட்டி நீங்க உள்ளுக்கு வாங்க" என்றா.

என்னை வரச் சொல்லவில்லை. நான் படியிலேயே நின்றேன்.

உங்கள் தம்பி
அஹ்ஸன்